ஸ்ட்ரீமருக்கும் ஸ்விட்சுக்கும் சுத்தமான பவர் சப்ளை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி ஒலிக்கவைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி ஆம்ப்போடு (ஆம்ப்ளிஃபயர்) இணைத்தவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பெட்டியோட வந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்க, ஒரு லீனியர் சப்ளை போடுங்க, சத்தமே வேற மாதிரி ஆயிடும்." (லீனியர் என்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்ளை; படி 4-இல் விரிவாகப் பார்ப்போம்.) இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் ஸ்ட்ரீமரின் விலையைவிட அதிகமாகச் செலவழித்துவிட்டு, காதுக்குப் பிடிபடாத மாற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பாதி உண்மை என்று முதலில் பிரித்துக்கொள்வோம். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

பிட் கெடுவதில்லை, அப்படியானால் கெடுவது எது?

ஈதர்நெட் கம்பியில் வரும் ஒவ்வொரு ஃபிரேமின் (தரவுப் பொட்டலத்தின்) கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. வழியில் பிட் மாறிப்போன ஃபிரேம் அங்கேயே கழித்துக்கட்டப்படும். தரவு முழுதாகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற நெட்வொர்க் விதிமுறை அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். வந்த தரவு ஸ்ட்ரீமரின் பஃபரில் சேர்ந்து, அங்குள்ள கடிகாரத்தின் கணக்குப்படி வெளியேறும். ஆகவே ரவுட்டரின் அடாப்டரை மாற்றினால் பாட்டின் பிட்டுகள் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால், பேச்சை மாற்றிவிடுங்கள்.

ஆனால் செம்புக் கம்பியில் தரவு மட்டுமா வருகிறது? மின் இரைச்சலும் வருகிறது. அது பிட்டைத் தொடாது. நேராக டேக்கின் (DAC, டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) கிரவுண்டுக்குப் போகும், அங்கிருந்து அனலாக் பக்கம் கசியும். டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் அந்த இடத்தில் நாம் பேசுவது மைக்ரோவோல்ட் கணக்கு. வழக்கமான டேக்கின் முழு வெளியீடு 2 வோல்ட். அதற்கு 120 டெசிபல் கீழே என்றால் 2 மைக்ரோவோல்ட். நல்ல டேக்குகள் இன்று அந்த அளவுக்கு அமைதியாகவே இருக்கின்றன. அந்த அமைதியைக் கெடுக்க அதிகம் தேவையில்லை.

இரைச்சல் உள்ளே வர முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, அடாப்டரின் டிசி வெளியீட்டிலேயே படிந்திருக்கும் ரிப்பிள், அதாவது வோல்ட்டேஜின் சிற்றலை. இரண்டு, காற்றில் பரவும் உயர் அதிர்வெண் இரைச்சல்; அது மெயின்ஸ் கம்பிக்கே திரும்பிப் போய் அடுத்த கருவிக்குள் நுழைவதும் உண்டு. மூன்றாவது கசிவு மின்னோட்டம். பெரும்பாலானவர்கள் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். தொல்லை தருவதோ பெரும்பாலும் மூன்றாவது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சப்ளை தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அதைப் புரிந்துகொள்வதுதான்.

சாதாரண அடாப்டர், அதாவது எஸ்எம்பிஎஸ், மெயின்ஸை முதலில் டிசியாக்கும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கீழே இறக்கும். இந்த வெட்டலால் ரேடியோ அலைகளைப்போல இரைச்சல் கிளம்பும். அதை அடக்க, டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கங்களுக்கும் நடுவே ஒய் கபாசிட்டர் என்ற ஒன்றைப் போடுவார்கள். அது உயர் அதிர்வெண்ணைத் திருப்பி அனுப்பும். கூடவே மெயின்ஸின் ஒரு துளியை வெளியீட்டுப் பக்கம் கசியவும் விடும். 1 நானோஃபாரட் கபாசிட்டர், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சிப்போனால் 72 மைக்ரோஆம்ப். உடலுக்கு ஆபத்தில்லை. இரண்டு பின் அடாப்டர் போட்ட உலோகப் பெட்டியைப் புறங்கையால் லேசாகத் தடவும்போது சில சமயம் சுருசுருவென்று உணர்வீர்களே, அது இதுதான்.

இந்த 72 மைக்ரோஆம்ப் எங்காவது போய் மெயின்ஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஸ்ட்ரீமருக்கு எர்த் இல்லை, ஆம்ப்புக்கு இருக்கிறது என்றால், அது இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி வழியாகத்தான் போகும். அந்தக் கம்பிக்கும் பிளக்குகளுக்கும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தால், 7 மைக்ரோவோல்ட் நேராகப் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். டேக்கின் 2 மைக்ரோவோல்ட் அமைதி அதோடு போயிற்று. இதே காரணத்தால்தான் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலுக்கு இரண்டு கம்பி, கிரவுண்டுக்குத் தனிக் கம்பி) போட்டவர்களுக்குப் பவர் சப்ளை மாற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அங்கே கிரவுண்டில் ஓடும் மின்னோட்டம் சிக்னலோடு சேர்வதில்லை. உங்கள் டேக்கிலும் ஆம்ப்பிலும் எக்ஸ்எல்ஆர் இருந்தால், சப்ளை வாங்குவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு.

படி 1: சங்கிலியை ஒரு தாளில் வரையுங்கள்

மோடம், ரவுட்டர், ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஸ்ட்ரீமர், டேக், ஆம்ப். ஒவ்வொன்றுக்கும் எந்த அடாப்டர், இரண்டு பின்னா மூன்று பின்னா, ஒன்றையொன்று இணைப்பது செம்பா, ஒளியா, வைஃபையா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் பெட்டி, பாட்டு சர்வர் இருந்தால் அவையும்.

இப்போது டேக்கிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டேக்குக்கு நேரடியாகச் செம்பால் இணைந்த கருவிக்குத்தான் முதலிடம். பெரும்பாலும் அது ஸ்ட்ரீமர், அதுவும் யுஎஸ்பி வழியாக. அதற்கு அடுத்தது ஸ்ட்ரீமருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்விட்ச். ரவுட்டரும் அடுத்த அறையில் கிடக்கும் சர்வரும் கடைசி வரிசையில். ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1500 வோல்ட் வரை தாங்கும்படி அது பிரித்து வைக்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரத்தின் விதி. தாழ்ந்த அதிர்வெண் கசிவை அது நன்றாகவே தடுக்கும். உயர் அதிர்வெண்ணில் மட்டும் கொஞ்சம் ஒழுகும். யுஎஸ்பிக்கு அப்படிப்பட்ட தடுப்பு எதுவும் கிடையாது. கிரவுண்டோடு கிரவுண்ட் ஒட்டியே இருக்கும். இதைப் பார்த்தாலே, ஸ்ட்ரீமரை அப்படியே விட்டுவிட்டு ஸ்விட்சுக்கு விலையுயர்ந்த சப்ளை வாங்குவது தலைகீழ் வேலை என்று புரியும். ஆனாலும் அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள்.

படி 2: பணம் செலவழிக்காமல் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

பாட்டை நிறுத்தி வையுங்கள், எல்லாக் கருவிகளும் ஓடட்டும். வால்யூமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏற்றிவிட்டு ஸ்பீக்கரின் ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். (தவறிப்போய் ப்ளே பொத்தானை யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ட்வீட்டருக்கும் காதுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.) சீரான 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் கேட்டால் அது ஆம்ப்பின் சொந்தச் சத்தம். தடித்த 'ம்ம்' என்ற ஹம், அதாவது மெயின்ஸ் அதிர்வெண்ணான 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்றால் கிரவுண்ட் லூப்பை (கருவிகளின் எர்த்தும் கேபிளும் சேர்ந்து உண்டாகும் மின் வளையத்தை) சந்தேகியுங்கள். கரகரவென்று கூர்மையான ரீங்காரம், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் என்றால் ஏதோ ஒரு சப்ளையின் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) பக்கத்திலிருந்து கசிகிறது. ஸ்ட்ரீமரில் பாட்டு மாறும்போதோ மெனுவைத் தள்ளும்போதோ கீச்கீச்சென்று கேட்டால் அது பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக வரும் கம்ப்யூட்டர் இரைச்சல்.

அடுத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ட்ரீமரிலிருந்து நெட்வொர்க் கேபிளை உருவிவிடுங்கள். பஃபரில் இருக்கும் மட்டும் பாட்டு தொடரும். சிலதில் பத்து நொடி, சிலதில் முழுப் பாட்டு. உருவியதும் சத்தத்தில் மாற்றம் உண்டா? இருந்தால் பிரச்சினை நெட்வொர்க் பக்கம் இருக்கிறது. இல்லவே இல்லை என்றால் ஸ்விட்ச் சப்ளை பற்றிய யோசனையை இன்றோடு மூட்டை கட்டிவிடலாம். என் பார்வையில் இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் பணம் வேறெதுவும் மிச்சப்படுத்தாது.

பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தி, ஒவ்வொரு அடாப்டரின் பக்கமும் அதன் கம்பியின் பக்கமும் கொண்டுபோங்கள். மோசமான அடாப்டர் கையளவு தூரத்திலேயே ரேடியோவில் கிர்ரென்று கத்தும். நல்லது கிட்டத்தட்ட ஒட்டி வைத்தால்தான் முனகும். ஒரே வோல்ட்டேஜ் கொண்ட இரண்டு அடாப்டர்களை இப்படி அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விளம்பரத் தாளில் இல்லாத விஷயம் தெரியவரும்.

எல்லாச் சோதனையிலும் ஒன்றுமே அகப்படவில்லையா? அப்படியானால் நீங்கள் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை.

படி 3: அடாப்டரின் முதுகைப் படியுங்கள்

நான்கு விவரங்கள் தேவை: வோல்ட், ஆம்பியர், போலாரிட்டி, பிளக் அளவு.

வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். கருவி தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். கருவியின் மேல் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அவ்வளவு போவது அபூர்வம். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று இரண்டு மூன்று வாட்டோடு நின்றுவிடும். நடுவில் செருகும் சின்ன மீட்டரால் அளந்து, அதற்கு மேல் பாதியளவு கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். தேவைக்கு மேல் மிகப் பெரிய லீனியர் சப்ளை வாங்கினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் டேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹம்மைத்தான் பரப்பும்.

போலாரிட்டி என்பது வட்டத்துக்குள் புள்ளி போட்ட அந்தச் சின்னப் படம். பெரும்பாலும் நடுமுனை பிளஸ். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிச் செருகிவிடாதீர்கள், படத்தைப் பாருங்கள். பிளக் அளவில் 5.5 × 2.1 மில்லிமீட்டரும் 5.5 × 2.5 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2.1 பிளக் 2.5 பின்னில் ஏறாது, அதனால் பிரச்சினை இல்லை. 2.5 பிளக் 2.1 பின்னில் தளதளவென்று ஏறிவிடும். கேபிளைத் தொட்டால் ஸ்ட்ரீமர் அணைந்து அணைந்து எரியும். சப்ளை கெட்டது என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு இதுதான் வியாதி.

ராஸ்பெரி பை வைத்து ஸ்ட்ரீமர் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் என்று பரிந்துரை. பை 5, யுஎஸ்பி-சி வழியாகச் சப்ளையோடு பேசி 5 ஆம்பியர் கிடைக்குமா என்று கேட்கும். லீனியர் சப்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராவிட்டால் தன் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தம் 600 மில்லிஆம்ப்தான் கொடுப்பேன் என்று பை கட்டுப்படுத்திக்கொள்ளும். யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் டேக் இணைத்திருந்தால் இது நினைவிருக்கட்டும்.

படி 4: எந்த வகைச் சப்ளை?

லீனியர் சப்ளையில் மெயின்ஸ் அதிர்வெண்ணிலேயே ஓடும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், டையோடுகள், பெரிய கபாசிட்டர்கள், கடைசியில் வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர். வெட்டல் கிடையாது, ஆகவே அந்த வகை உயர் அதிர்வெண் இரைச்சலும் கிடையாது. இதன் நல்ல பெயருக்குக் காரணம் இதுதான். ஆனால் 'லீனியர்' என்ற முத்திரை மட்டும் எதையும் உறுதி செய்யாது. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே இயல்பாகவே கபாசிட்டன்ஸ் இருக்கிறது. டொராய்டல் வகையில் இரண்டு சுற்றுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் அது கூடுதல். இரண்டு சுற்றுகளையும் தனித்தனி அறையில் சுற்றும் இஐ வகையில் குறைவு. அதாவது லீனியரிலும் கசிவு உண்டு, அளவுதான் வேறு. நடுவே ஸ்கிரீன் (கசிவை மறிக்கும் உலோகத் தகடு) போட்ட டிரான்ஸ்ஃபார்மரா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ரெகுலேட்டரின் இரைச்சலைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் போடும். எல்டி3045 என்ற சிப் 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை 0.8 மைக்ரோவோல்ட்தான் இரைச்சல் தரும். பழைய எல்எம்7805 அதே அகலத்தில் சுமார் 40 மைக்ரோவோல்ட். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் உங்கள் ஸ்விட்சின் உள்ளே பாருங்கள்: வரும் 12 வோல்ட்டை 3.3, 1.8, 1 வோல்ட் என்று இறக்க அங்கேயே சின்ன எஸ்எம்பிஎஸ் சுற்றுகள் உட்கார்ந்திருக்கும். அவை கிளப்பும் ரிப்பிள் மில்லிவோல்ட் கணக்கில். வாசலில் 0.8 மைக்ரோவோல்ட்டாக வந்தது உள்ளே போனதும் என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனவே ஸ்விட்ச், ரவுட்டருக்கு மைக்ரோவோல்ட் போட்டியில் இறங்க வேண்டாம். கசிவு குறைவா என்று மட்டும் பாருங்கள். சப்ளையிலிருந்து நேராக அனலாக் பகுதிக்கோ கடிகாரத்துக்கோ மின்சாரம் போகும்படி வடிவமைத்த டேக் அல்லது ஸ்ட்ரீமரில்தான் அந்த மைக்ரோவோல்ட்டுக்கு அர்த்தம் உண்டு.

விவரத் தாளில் இரைச்சல் எண்ணைப் பார்த்தால் எந்த அதிர்வெண் அகலத்தில் அளந்தது என்பதையும், எத்தனை ஆம்பியர் சுமையில் அளந்தது என்பதையும் தேடுங்கள். இரண்டும் இல்லாத எண் வெறும் அலங்காரம்.

சூடு இன்னொரு விஷயம். ரெகுலேட்டருக்கு முன்னால் 17 வோல்ட் இருந்து 12 வோல்ட் 2 ஆம்பியர் வெளியே போனால், மீதி 5 வோல்ட்டும் 2 ஆம்பியரும் சேர்ந்து 10 வாட் சூடாகும். அதே பெட்டியைத் திருகி 5 வோல்ட்டுக்கு இறக்கினால் 24 வாட். '5 முதல் 12 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்கும் சப்ளைகளில், கீழ் முனையில் அதே ஆம்பியர் கிடைக்குமா என்று அவசியம் கேளுங்கள். உங்கள் வோல்ட்டேஜுக்கென்றே செய்ததை வாங்குவது மேல்.

மருத்துவத் தர எஸ்எம்பிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை. ஐஇசி 60601-1 என்ற மருத்துவக் கருவித் தரத்துக்கு உட்பட்ட அடாப்டர்கள் கசிவை 100 மைக்ரோஆம்புக்குள் வைக்க வேண்டும் (முன்பு பார்த்த 72, 1 நானோஃபாரட் கபாசிட்டர் ஒன்றுக்கான உதாரணக் கணக்குதான்). பலவற்றில் அதைவிடவும் குறைவு. விலை நல்ல லீனியரின் ஒரு பகுதிதான். சூடும் இல்லை, எடையும் இல்லை. ரவுட்டர், ஸ்விட்ச், ஹார்ட் டிஸ்க் பெட்டி இவற்றுக்கு என் முதல் தேர்வு இதுவே.

பேட்டரி சுத்தமானதுதான், மெயின்ஸோடு தொடர்பே இல்லை. ஆனால் கையில் கிடைக்கும் பவர் பேங்க் வெறும் பேட்டரி அல்ல. உள்ளே 3.7 வோல்ட் செல்லை 5 வோல்ட்டாக ஏற்றும் வெட்டல் சுற்று இருக்கிறது. கசிவு இல்லை, ரிப்பிள் உண்டு. சோதித்துப் பார்க்க அருமையான கருவி: ஸ்ட்ரீமரைப் பவர் பேங்கில் ஓட்டி ஹம் மறைந்தால், குற்றவாளி கசிவுதான் என்று உறுதியாகிவிடும். நிரந்தர ஏற்பாடாக லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் நான்கு செல் பேட்டரி வைப்பவர்கள் உண்டு; அதன் பெயரளவு 12.8 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 14.6 வரை போகும். கருவி அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு, நடுவில் ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள். பேட்டரி ஷார்ட் ஆனால் கம்பியே எரியும்.

ஒரே பெட்டியில் மூன்று நான்கு வெளியீடு கொடுக்கும் லீனியர் சப்ளை பார்க்க வசதியாகத் தோன்றும். எல்லா வெளியீட்டுக்கும் மைனஸ் பொதுவா, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றா என்று கேளுங்கள். பொது மைனஸ் என்றால் ரவுட்டரின் கிரவுண்டும் ஸ்ட்ரீமரின் கிரவுண்டும் சப்ளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஈதர்நெட் டிரான்ஸ்ஃபார்மர் கஷ்டப்பட்டுப் பிரித்து வைத்ததை நாமே பின்வாசல் வழியாகச் சேர்த்துவிட்டோம் என்று ஆகும். ஒரு அடாப்டரிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒய் கேபிளுக்கும் இதே தீர்ப்பு.

படி 5: டிசி கம்பி

இதற்கு வெள்ளி முலாம் எல்லாம் வேண்டாம், தடிமனும் குட்டை நீளமும் போதும். 24 கேஜ் மெல்லிய செம்புக் கம்பி ஒரு மீட்டர் என்றால், போக வர இரண்டு மீட்டருக்குச் சுமார் 0.17 ஓம். 2 ஆம்பியர் போனால் 0.34 வோல்ட் வழியிலேயே விழும். 5 வோல்ட் கருவிக்கு 4.66தான் போய்ச் சேரும். ராஸ்பெரி பை 4.63-க்குக் கீழே போனால் மின்சாரம் போதவில்லை என்று மஞ்சள் மின்னல் காட்டும். அதே நீளத்தில் தடித்த 18 கேஜ் போட்டால் 0.08 வோல்ட்தான் விழும். மெயின்ஸ் கேபிளையும் டிசி கம்பியையும் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள். சிக்னல் கேபிளைக் குறுக்கே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பியில் கிளிப் ஃபெரைட் (கம்பியைச் சுற்றிக் கவ்வும் ஃபெரைட் வளையம்) ஒன்று மாட்டுவது நல்லது. அது மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்குத்தான், ஹம்முக்கு ஒன்றும் செய்யாது.

படி 6: எர்த்

மூன்று பின் சப்ளையில் பெட்டி எர்த்தில் இருக்கும். டிசி மைனஸ் எர்த்தோடு இணைந்திருக்கிறதா, எதோடும் ஒட்டாமல் மிதக்கிறதா என்பது மாடலைப் பொறுத்தது. எந்த மெயின்ஸிலும் செருகாமல், எந்தக் கருவியிலும் இணைக்காமல், மல்டிமீட்டரை ஓமில் வைத்து எர்த் பின்னுக்கும் டிசி பிளக்கின் மைனஸுக்கும் நடுவே அளந்தால் தெரிந்துவிடும்.

ஸ்விட்சின் சப்ளைக்கு மைனஸ் எர்த்தில் இருப்பது நல்லதே. கசிவு அங்கேயே எர்த்துக்கு இறங்கிவிடும், ஆடியோ கேபிளைத் தேடி வராது. ஸ்ட்ரீமருக்கு அப்படியே சொல்ல முடியாது. ஆம்ப்பும் எர்த், ஸ்ட்ரீமரும் எர்த், நடுவில் ஆர்சிஏ என்றால் கிரவுண்ட் லூப்புக்கு வழி திறந்துவிடும். ஸ்ட்ரீமருக்கு மிதக்கும் வெளியீடு அல்லது கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (டிசி மைனஸை எர்த்திலிருந்து பிரிப்பது) உள்ள சப்ளையாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினால் லூப்பின் பரப்பு குறையும்.

ஹம் போக வேண்டும் என்பதற்காக மெயின்ஸ் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ டேப் ஒட்டுவதோ கூடவே கூடாது. உள்ளே ஒரு கம்பி அறுந்து பெட்டியைத் தொட்டால், உங்கள் உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

படி 7: நெட்வொர்க் பக்கம் கம்பியையே வெட்டிவிடுதல்

படி 2-இல் கேபிளை உருவியபோது சத்தம் மாறியதா? அப்படியானால் விலையுயர்ந்த சப்ளைக்கு முன்னால் இரண்டு மலிவான வழிகளைப் பாருங்கள். முதலாவது, ஷீல்டு போட்ட கேட் 7, கேட் 8 கேபிளை எடுத்துவிட்டுச் சாதாரண ஷீல்டு இல்லாத கேட் 5இ அல்லது கேட் 6 போடுவது. ஷீல்டின் இரு முனையும் உலோக போர்ட்டைத் தொட்டால் இரண்டு கருவிகளின் பெட்டிகளும் கம்பியால் இணைந்ததாகிவிடும். பெரிய எண் போட்ட கேபிள் ஆடியோவுக்கு நல்லது என்பது இந்தத் துறையில் வேரோடிப்போன நம்பிக்கைகளில் ஒன்று.

இரண்டாவது ஃபைபர். செம்புக்கும் ஒளிக்கும் இடையே மாற்றித்தரும் மீடியா கன்வர்ட்டர் இரண்டு, நடுவில் கண்ணாடி இழை. மின்சாரம் அதில் போகவே முடியாது. வாங்கும்போது இரு முனையும் ஒரே இனமா என்று பாருங்கள்: சிங்கிள் மோட் 1310 நானோமீட்டர் என்றால் இரண்டும் அதுவே, மல்டி மோட் 850 என்றால் இரண்டும் அதுவே, இழையும் அதற்கேற்றது. ஃபைபர் போட்டபின் ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் ஆகியவற்றின் சப்ளைகள் எப்படிப்பட்டவை என்பது நெட்வொர்க் கம்பி வழியாக வரும் இரைச்சலைப் பொறுத்தவரை பொருட்டே இல்லை. முழுக் கவனமும் ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வர்ட்டரின் அடாப்டர்மேல் வந்துவிடும். அது பெட்டியோடு வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால், பழைய கதையைப் புது முகவரியில் தொடங்கியதாக ஆகும். அந்த ஒன்றை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். வைஃபையும் இதேபோல் கம்பியை வெட்டிவிடும். உங்கள் இடத்தில் சிக்னல் உறுதியாக இருந்தால் அதுவும் நியாயமான தீர்வுதான்.

படி 8: இணைப்பதும் கேட்பதும்

லீனியர் சப்ளையின் பின்புறம் 115 / 230 என்ற சின்னச் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 230 மெயின்ஸில் 115-இல் வைத்துப் போட்டால் ஃபியூஸ் போனதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். பிறகு கருவியை இணைக்காமல் சப்ளையை மட்டும் போட்டு, டிசி பிளக்கில் வோல்ட்டேஜையும் போலாரிட்டியையும் மல்டிமீட்டரால் அளங்கள். சரியாக இருந்தால் அணைத்துவிட்டு இணையுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேட்பதற்கு வருவோம். முதலில் படி 2-இன் சோதனையை அப்படியே மறுபடி செய்யுங்கள்: பாட்டு இல்லாமல், அதே வால்யூமில், அதே ட்வீட்டர் பக்கத்தில். இங்கே வித்தியாசம் தெரிந்தால் அது நிஜமான வித்தியாசம். கணினியில் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் டேக்கின் வெளியீட்டைப் பதிவு செய்து, அலைவரிசைப் படத்தில் மெயின்ஸ் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் நிற்கும் ஊசிகள் குட்டையாகியிருக்கின்றனவா என்று ஒப்பிடலாம். இலவச மென்பொருளே போதும்.

பாட்டை வைத்து ஒப்பிடுவதாக இருந்தால், எந்தச் சப்ளை ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றிக்கொடுக்கட்டும். மாற்றாமலேயே மாற்றியதுபோலச் சில முறை நடிக்கவும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரீமர் மறுபடி பூட் ஆகக் காத்திருக்க வேண்டும், பொறுமை போகும் வேலைதான். ஆனால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் அந்தப் பொறுமையைச் செலவழித்துவிடுங்கள். கண்ணை மூடியபின் இரண்டும் ஒன்றுபோல இருந்தால், பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கோ அறைக்கோ வையுங்கள்.

கடைசியாக ஒரு கையடக்க வேலை. புதுச் சப்ளை வந்ததும் டிசி பிளக் ஒவ்வொன்றின் கழுத்திலும் வோல்ட்டேஜை எழுதி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் அதே 5.5 மில்லிமீட்டர் பிளக்கில்தான் வரும். ரேக்கின் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து செருகும்போது 12 வோல்ட் பிளக் 5 வோல்ட் கன்வர்ட்டரில் மறுப்பே இல்லாமல் உள்ளே போய்விடும்.